ஏழு என்று சொன்னால் ஏழாக இருக்க வேண்டும்

மானிப்பாய், சண்டிலிப்பாய், சங்கானை, சித்தங்கேணி, வட்டுக்கோட்டை, மூளாய் என்று ஒன்றையொன்று தொட்டபடி வரும் ஊர்கள் பொன்னாலையோடு முடிந்துவிடுகின்றன. அதற்கப்பால் வேலியும் இல்லை, பனையும் இல்லை. ஆழமில்லாத கடலை இரண்டாகப் பிரித்துக்கொண்டு நீளமான ஒரு தெரு மட்டும் காரைநகர்த் தீவை நோக்கிப் போகிறது. எங்கள் பஸ்ஸுக்கு முன்னால் நீலத் தாங்கி ஒன்றை இழுத்துக்கொண்டு உழவு இயந்திரம் போனது. தாங்கியின் மூடியிலிருந்து சிந்திய தண்ணீர் தாரில் கோடு போட்டபடி வந்தது. கடலைக் கடந்து குடிதண்ணீர் கொண்டுபோகும் இந்தக் காட்சி தீவகத்தாருக்குப் புதிதல்ல. கோடை தொடங்கினால் பவுசர் எப்போது வரும் என்பதை வைத்துத்தான் பல வீடுகளில் அன்றைய வேலை தீர்மானமாகிறது.

என் மடியில் இருந்த பெட்டிக்குள் ஒரு பிஎச் கட்டுப்படுத்தி, கண்ணாடி மின்வாய் ஒன்று, பிஎச் இன்னதென்று தெரிந்த மூன்று தாங்கற் கரைசல் போத்தல்கள், பொட்டாசியம் குளோரைட்டுக் கரைசல் நிரப்பிய சின்னக் குப்பி, துடைக்க மென்தாள். ஊர்ச் சங்கம் ஒன்று நடத்தும் சிறிய சுத்திகரிப்பு நிலையத்தில் இதைப் பொருத்தி, இயக்கி, அளவுதிருத்தம் செய்து கொடுப்பதற்காகவே இந்தப் பயணம். யாழ்ப்பாணத்தில் எல்லாரும் ‘ஆர்.ஓ. தண்ணி’ என்று சொல்லும், எதிர்ச் சவ்வூடுபரவலால் சுத்திகரித்த தண்ணீரைத் தயாரிக்கும் நிலையம் அது.

காரைநகரின் தண்ணீர்க் கதையை நிலத்துக்கு அடியிலிருந்து தொடங்க வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டைப் போலவே இந்தத் தீவும் சுண்ணக்கல்லின் மேல் இருக்கிறது. ஆறு கிடையாது. ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டும் மழை கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, அடியில் நிற்கும் கடல் நீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. நன்னீர் இலேசானது, கடல் நீர் சற்றுக் கனமானது. இந்தச் சிறு வித்தியாசத்தை வைத்து 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தரான பாடோன் கீபெனும் அவருக்குச் சில ஆண்டுகள் பின்னால் ஜெர்மானியரான ஹெர்ஸ்பேர்க்கும் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தார்கள். கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் இருக்கும். இதைத் திருப்பிப் பார்த்தால்தான் தீவின் துயரம் விளங்கும். பம்பி வைத்து இறைத்து மேல்மட்டத்தில் ஓர் அடியைக் குறைத்தால், காலப்போக்கில் அடியிலிருந்து உவர் நாற்பது அடி மேலேறி வரும். ‘நல்ல தண்ணிக் கிணறு’ என்று ஊரே குடம் தூக்கிப் போன கிணறுகள் ஒவ்வொன்றாகச் சவராவதற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.

வலந்தலைச் சந்தியில் இறங்கி உள்தெருவில் நடந்தேன். பூட்டிய வீடுகள், பூட்டிய வீடுகளின் முன்னாலும் கூட்டிச் சுத்தமாக வைத்திருந்த முற்றங்கள். காரைநகரார் தென்னிலங்கை முழுவதும் கடை வைத்து வாழ்ந்தவர்கள். இன்று அவர்களின் பிள்ளைகள் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிறார்கள். கோவில் கோபுரத்துக்கும் பள்ளிக்கூடக் கட்டடத்துக்கும் அங்கிருந்து பணம் வருகிறது. நான் தேடிப்போன நிலையமும் அப்படி வந்த பணத்தில் எழுந்ததுதான்.

நிலையத்தைப் பார்த்துக்கொள்பவர் ஊர்ப் பாடசாலையில் உயர்தரம் படித்த இளம் பெண். முந்தி யாரோ பொருத்திவிட்டுப் போயிருந்த அளவுகருவி சுவரில் இருந்தது. அதன் திரையில் 7.02. பக்கத்தில் குறிப்புக் கொப்பி. திகதி எழுதி, கோடு போட்டு, அழகான கையெழுத்தில் ஒவ்வொரு நாளும் பிஎச் பதிவாகியிருந்தது. 7.0, 7.0, 7.1, 7.0 என்று மாதக்கணக்கில்.

“ஒரு நாளும் மாறினதில்லை அண்ணை. நல்ல மிசின்,” என்றார் அவர்.

ஆர்.ஓ. மென்சவ்வைக் கடந்து வரும் தண்ணீர் ஏழில், அதாவது அமிலமும் காரமும் அல்லாத நடுநிலையில், நிற்பது அபூர்வம். மென்சவ்வு உப்பைத் தடுக்கும், இருகாபனேற்றையும் தடுக்கும். கரைந்திருக்கும் காபனீரொட்சைட்டு வாயுவை மட்டும் அதனால் தடுக்க முடியாது. அமிலத்தை ஈடுசெய்யும் பொருள் இந்தப் பக்கம் நின்றுவிட, அமிலமாக்கும் வாயு அந்தப் பக்கம் போய்ச் சேர்கிறது. அதனால் கிணற்றில் ஏழுக்கு மேல் இருந்த தண்ணீர் மென்சவ்வுக்கு அப்பால் ஆறுக்குக் கீழே இறங்குவது வழமை.

பழைய மின்வாயைக் கழற்றி, கழுவி, பிஎச் 4 தாங்கற் கரைசலில் வைத்தோம். திரையில் 7.02. கழுவிவிட்டு 10இல் வைத்தோம். அங்கும் 7.02.

அந்தப் பிள்ளை திரையையும் கொப்பியையும் மாறி மாறிப் பார்த்தார். நான் இணைப்பியைக் கழற்றிக் காட்டினேன். கடற்காற்றின் ஈரமும் உப்பும் ஏறி உள்ளே பச்சை பூத்திருந்தது. கண்ணாடி மின்வாய் தரும் மின்னழுத்தம் மிகச் சிறியது, அதன் தடையோ நூறு மெகாஓம் அளவில் இருக்கும். இணைப்பியில் ஈரம் படிந்தால் அந்தச் சிறிய மின்னழுத்தம் வழியிலேயே கசிந்து போய்விடும். கருவிக்குப் பூச்சிய மில்லிவோல்ட் மட்டுமே கிடைக்கும். பூச்சிய மில்லிவோல்ட் என்றால் கருவியின் கணக்கில் பிஎச் ஏழு. கண்ணாடிக் குமிழ் வெடித்தாலும் இதே கதைதான். செத்துப்போன மின்வாய் தவறாகத் தோன்றும் எண்ணைச் சொல்வதில்லை, எல்லாரும் கேட்க விரும்பும் எண்ணைச் சொல்கிறது. இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்த மிகப் பெரிய ஆபத்து இதுதான். 3 என்றோ 12 என்றோ காட்டியிருந்தால் அன்றைக்கே யாரையாவது கூப்பிட்டிருப்பார்கள். 7 என்று காட்டியதால் யாரும் சந்தேகப்படவில்லை.

புதியதைப் பொருத்தத் தொடங்கினோம். மின்வாயின் ஈர மூடியைக் கழற்றியதும் குமிழுக்குள் காற்றுக் குமிழி இருக்கிறதா என்று பார்த்து, இருந்ததால் உதறி மேலேற்றினோம். மூடிக்குள் இருந்த கரைசல் காயவில்லை, ஆகவே ஊறவைக்க வேண்டியிருக்கவில்லை. காய்ந்த மின்வாயை மூன்று மோலர் பொட்டாசியம் குளோரைட்டில் சில மணி நேரமாவது ஊறவிட வேண்டும். காய்ச்சி வடித்த தண்ணீரில் போட்டு வைப்பது சுத்தமானது போலத் தோன்றினாலும் அது மின்வாயின் உள்ளிருக்கும் உப்பை உறிஞ்சி அதைப் பாழாக்கும். கேபிளின் இரண்டு முனைகளையும் துடைத்து உலர்த்தி, இணைப்பியை இறுக்கி, மேலே உறை போட்டோம். இந்தத் தீவில் அந்த உறை அவசியம்.

அடுத்துக் கட்டுப்படுத்தியின் ஒழுங்குகள். வெப்பநிலை உணரியின் வகை, தாங்கற் கரைசல்களின் பட்டியல், வெளியீடுகள். இவற்றில் ஒன்றை அந்தப் பிள்ளையின் கையாலேயே செய்யச் சொன்னேன்: அளவுதிருத்தத்துக்கு மின்வாயை வெளியே எடுக்கும் முன்னர் தண்ணீருக்குக் காரம் சேர்க்கும் மருந்துப் பம்பிக்குப் போகும் வெளியீட்டை நிறுத்தி வைப்பது. அதைச் செய்யாமல் மின்வாயை பிஎச் 4 கரைசலுக்குள் விட்டால், தண்ணீர் அமிலமாகிவிட்டது என்று நம்பிப் பம்பி முழு வேகத்தில் காரத்தை ஊற்றும். நாங்கள் போத்தலோடு நிற்கும் சில நிமிடங்களில் ஊரின் தாங்கி கெட்டுவிடும்.

பிறகு ஏழு. குழாய்த் தண்ணீரில் கழுவி, மென்தாளால் ஒற்றி எடுத்து (தேய்த்தால் கண்ணாடியில் மின்னேற்றம் ஏறும்), பிஎச் 7 போத்தலிலிருந்து சிறு குவளையில் ஊற்றிய கரைசலில் வைத்து, எண் அசையாமல் நிற்கும்வரை காத்திருந்தோம். போத்தலுக்குள் நேரே வைக்கக் கூடாது. பயன்படுத்தியதைத் திரும்ப ஊற்றவும் கூடாது. அறையின் வெப்பநிலை 30 பாகை. 25 பாகையில் 7.00 ஆக இருக்கும் கரைசல் 30இல் 6.99. 10.01 ஆக இருப்பது 9.97. இந்த அட்டவணை கட்டுப்படுத்திக்குத் தெரியும், ஆனால் கையால் எழுதிச் சரிபார்ப்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வைத்தோம்.

இரண்டாவது புள்ளியாகப் பத்தை எடுத்தோம். குடிதண்ணீருக்கு இலங்கைக் கட்டளையான எஸ்.எல்.எஸ். 614 அனுமதிப்பது 6.5 முதல் 8.5 வரை. எங்கள் வேலை ஏழுக்கு மேல் என்பதால் ஏழும் பத்தும் அதை இருபுறமும் பிடிக்கும். பிஎச் 10 கரைசல் காற்றிலிருந்து காபனீரொட்சைட்டை உறிஞ்சிக் கீழே இறங்கும் குணமுள்ளது. ஆகையால் புதிதாகத் திறந்த போத்தல் வேண்டும். முடிவில் கட்டுப்படுத்தி சரிவைக் காட்டியது: ஒரு பிஎச் அலகுக்கு 58.6 மில்லிவோல்ட். இந்த வெப்பநிலையில் கொள்கைப்படி இருக்க வேண்டியது 60.1. நூற்றுக்கு 97 தேறுகிறது, நல்ல மின்வாய். மூப்படைய மூப்படைய இது குறையும், 85ஐ நெருங்கினால் மாற்ற வேண்டும். அளவுதிருத்தத்தில் சேராத பிஎச் 4 கரைசலில் வைத்து மூன்றாவது சாட்சியையும் கேட்டோம். 4.03. கொப்பியில் அன்றைய வரியில் அந்தப் பிள்ளை சரிவு, அதன் நூற்றுவீதம், இந்த வாசிப்பு ஆகிய மூன்றையும் எழுதினார்.

பிஎச் என்ற இந்த அளவுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. 1909இல் கொப்பன்ஹேகனின் கார்ல்ஸ்பேர்க் ஆய்வுகூடத்தில் சோரன்சன் என்ற வேதியியலாளர் நொதியங்களை ஆராய்ந்துகொண்டிருந்தபோது ஐதரசன் அயனின் செறிவை எளிய எண்ணாக எழுத இந்த அளவை வகுத்தார். 1934இல் கலிபோர்னியாவில் ஆர்னோல்ட் பெக்மன், எலுமிச்சைச் சாற்றின் அமிலத்தை அளக்க முடியாமல் தவித்த தன் நண்பருக்காக, கண்ணாடி மின்வாயோடு மின்பெருக்கியை இணைத்துக் கருவி செய்து கொடுத்தார். இன்று காரைநகரில் சுவரில் தொங்குவது அதன் பேரப்பிள்ளை. மடக்கை அளவு என்பதால் இதன் எண்கள் கண்ணை ஏமாற்றக்கூடியவை. ஏழுக்கும் ஆறுக்கும் இடையில் பத்து மடங்கு. 0.1 வித்தியாசம்கூட அயன் செறிவில் நாலில் ஒரு பங்கு மாற்றம்.

மின்வாயை அதன் சிறு கலத்துக்குள் பொருத்தி ஆர்.ஓ. தண்ணீரைத் திறந்தபோது 5.8 என்று காட்டியது. உப்புக் குறைந்த தண்ணீரில் பிஎச் அளப்பது இலேசல்ல. ஓட்டம் வேகமாக இருந்தால் எண் தள்ளாடும், குழாய்கள் பிளாஸ்டிக்காக இருந்தால் நிலை மின்னேற்றம் குழப்பும். ஓட்டத்தை மெதுவாக, சீராக வைத்து, தண்ணீருக்குப் புவி இணைப்புக் கொடுத்த பிறகுதான் எண் அடங்கியது.

இனி அதை உயர்த்த வேண்டும். இங்கே பயன்படுவது சோடாச் சாம்பல், அதாவது நீரற்ற சோடியம் காபனேற்று. இது தண்ணீரிலுள்ள காபனீரொட்சைட்டோடு சேர்ந்து சோடியம் இருகாபனேற்றாக மாறுகிறது. ஒரு கிராம் காபனீரொட்சைட்டுக்கு ஏறத்தாழ 2.4 கிராம் சோடா. அமிலம் குறைகிறது, தண்ணீருக்குத் தாங்கும் வலுவும் வருகிறது. ஒரு காலத்தில் இந்த மண்ணிலேயே காரம் செய்தார்கள். பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை ஆனையிறவு உப்பைக் கரைத்து மின்சாரம் பாய்ச்சி எரிசோடாவும் குளோரினும் தயாரித்தது. போரில் அது நின்றது. இன்று சாக்குகள் கப்பலில் வருகின்றன.

கட்டுப்படுத்தியைத் தானியக்கத்தில் விடும் முன்னர் பம்பியைக் கையால் ஒரே அளவில் ஓடவிட்டுப் பார்த்தோம். சோடா விழுந்து, கலந்து, மின்வாயை அடைந்து எண் அசைவதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று அறிவது முக்கியம். பொறுமையில்லாத கட்டுப்படுத்தி, எண் இன்னும் ஏறவில்லையே என்று மேலும் மேலும் ஊற்றும். பிறகு எல்லாம் ஒன்றாய் வந்து சேரும்போது இலக்கைத் தாண்டிப் பாயும். இந்த மெலிந்த தண்ணீரில் ஏழுக்கு அருகில் சில துளிகளே போதும். அந்தத் தாமதத்துக்கு ஏற்ப, இலக்கை நெருங்க நெருங்கப் பம்பியின் வேகம் குறையும் எல்லையை (விகிதப் பட்டையை) அகலமாக்கி, இலக்கை 7.5இல் வைத்து, பம்பி தொடர்ந்து ஓடக்கூடிய நேரத்துக்கு ஓர் எல்லையும் மேல் கீழ் எச்சரிக்கைகளும் கொடுத்தோம். எண் மெல்ல ஏறி, 7.6 வரை போய், திரும்பி 7.5இல் நின்றது.

தண்ணீர் எடுக்க வந்த ஆச்சி ஒருவர் கான்களை வரிசையில் வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். “மோனை, தண்ணி உருசையாத்தானே இருந்தது. இதில என்ன வித்தியாசம்?”

அவருக்குச் சொன்னதை இங்கேயும் சொல்ல விரும்புகிறேன். கனிமம் இழந்த அமிலத் தண்ணீர் பசியோடு இருக்கிறது. போகும் வழியிலுள்ள செம்பு, நாகம், சீமெந்து எல்லாவற்றையும் அது கரைக்கும். 2014 ஏப்ரலில் அமெரிக்காவின் பிளின்ட் நகரம் தன் தண்ணீர் மூலத்தை மாற்றியபோது அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்கவில்லை. பழைய குழாய்களிலிருந்து ஈயம் கரைந்து வீடுகளின் குடிதண்ணீரில் சேர்ந்தது. பிஎச் கூடினாலும் துன்பம் உண்டு. கிருமியைக் கொல்லப் போடும் குளோரின் 7.5இல் பாதிதான் வீரியமான வடிவில் இருக்கிறது, 8.5இல் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. அதே அளவு குளோரின் போட்டிருப்போம், கிருமி எளிதில் சாகாது. இரண்டு பக்கத் தவறையும் நாக்கு கண்டுபிடிக்காது. ஆச்சி கேட்டுவிட்டு, “அப்ப இந்தப் பிள்ளைக்கு வடிவாய்ப் பழக்கிப் போட்டுப் போ,” என்றார்.

ஆச்சி சொன்னதைத்தான் நான் மிச்ச நேரத்தில் செய்தேன். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு அந்தப் பிள்ளையை முதலிலிருந்து தனியாகச் செய்யச் சொன்னேன். வெளியீட்டை நிறுத்தினார், கழுவினார், ஒற்றினார், காத்திருந்தார். பிஎச் 10 கரைசலில் எண் இன்னும் நகர்ந்துகொண்டிருந்தபோது திரை ஏற்றுக்கொள்ளக் கேட்டது. “பொறுங்கோ அண்ணை, இன்னும் நிக்கேல்லை,” என்று விரலை விலக்கிக்கொண்டார். அந்த இடத்தில் எனக்கு நம்பிக்கை வந்தது.

திரும்பும்போது வந்த கடல்தெருவால் போகாமல் ஊர்காவற்றுறைக்குப் பாதையில் ஏறினேன். வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு தீவுக்கும் தீவுக்கும் இடையில் போய்வரும் இந்த மிதவையைத் தீவகத்தார் பாதை என்றே சொல்கிறார்கள். நடுக் கடலில் போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் 1658இல் கைப்பற்றிய கடற்கோட்டை நிற்கிறது. பாதையில் என் பக்கத்தில் வெறுங் கான்களோடு ஒரு குடும்பம். வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு என்று எந்தப் பக்கம் போனாலும் இந்தக் கான்களைக் காணலாம். நெடுந்தீவார் சாராப்பிட்டிக் கிணறுகளின் நன்னீரைப் பெருமையாகச் சொல்வார்கள். அங்கும் சுத்திகரிப்பு இயந்திரம் தேவைப்பட்டது. வடமராட்சி கிழக்கில் தாளையடியில் கடல் நீரிலிருந்து நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நன்னீர் தயாரிக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. பெரியதோ சிறியதோ, மென்சவ்வைக் கடந்த தண்ணீர் எல்லாவற்றுக்கும் ஒரே விதி. அதைத் திருத்திய பிறகுதான் குடிக்கக் கொடுக்க வேண்டும், திருத்தியதை நம்பகமாக அளக்கவும் வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து இயந்திரம் வாங்கிக் கொடுக்கும் எங்கள் உறவுகளிடம் ஒரு வேண்டுகோள். திறப்பு விழாப் படம் கேட்பதுபோல அளவுதிருத்தக் கொப்பியின் பக்கத்தையும் கேளுங்கள். அதில் சரிவும் பிஎச் 4 கரைசலின் வாசிப்பும் இருக்கிறதா என்று பாருங்கள். எண்கள் மாதக்கணக்கில் மாறாமல் இருந்தால் மகிழ வேண்டாம், விசாரியுங்கள். ஆண்டுக்கு ஒரு மின்வாயும் தேவையான தாங்கற் கரைசல்களும் வாங்கும் செலவு இயந்திரத்தின் விலையோடு பார்த்தால் மிகச் சிறியது. நிலையத்தைப் பார்க்கும் பிள்ளைக்குப் பயிற்சியும் அதற்கேற்ற சம்பளமும் கொடுப்பதை இயந்திரத்தின் ஒரு பாகமாகவே கணக்கில் சேருங்கள்.

கான் ஏந்தி நிற்பவரிடம் அளவுகருவி இல்லை. திரையில் தெரியும் எண்ணை நம்பித்தான் அவர் தன் பேரப்பிள்ளைக்குத் தண்ணீர் வார்க்கிறார். அந்த எண்ணை அடிக்கடி ஒரு போத்தலோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க யாழ்ப்பாணத்திலிருந்து யாரும் வரத் தேவையில்லை. காரைநகரில் அதற்கு இப்போது ஒருவர் இருக்கிறார். ஒவ்வொரு தீவிலும் ஒருவர் இருக்க வேண்டும்.